எண்ணெய் பூசி ஆடிய ரகர்

எங்கள் கல்லூரிக்கு ரகர் வந்தது ஊருக்கு அம்மை வருவதைப் போல. யாரும் கேட்கவில்லை, வந்துவிட்டது. கொண்டுவந்தவர் கண்டியில் படித்துவிட்டு எங்களூருக்கு வந்து சேர்ந்த விளையாட்டு மாஸ்டர். தான் படித்த கல்லூரியில் ரகர் குழுவில் இருந்ததாகச் சொன்னார். குழுவில் என்னவாக இருந்தீர்கள் என்று கேட்டால் "ரிசேர்வ்" என்பார், பட்டாளத்தில் கேணல் என்பது போல ஒரு மிடுக்கோடு. ஆட்டம் தொடங்கி முடியும் வரைக்கும் கோட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பதவி அது என்று எங்களுக்கு விளங்க ஒரு சீசன் எடுத்தது.

அப்போது வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதைத் துறைமுகத்துக்கு இன்னும் யாரும் அறிவிக்கவில்லை போலும். பின்னேரங்களில் மாலுமிகள் கடற்படை மைதானத்தில் முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் துரத்திப் பிடித்து விழுத்துவார்கள். பிறகு எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து கிடப்பார்கள். ஊர்ச்சனம் வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பார்த்து நிற்கும். இதுதான் ரகர், புத்தகத்தில் ரக்பி. விதிகளும் இருந்ததாகச் சொன்னார்கள்.

'எங்கள் கல்லூரி' என்று சொல்ல எனக்கு உரிமை கொஞ்சம் குறைவு. எங்கள் பக்கத்தில் கட்டடம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பள்ளிக்கூடத்தைக் கல்லூரி என்பார்கள். அந்தக் கல்லூரியில் நான் எட்டாம் வகுப்பு வரைதான். அப்பா போய்ச் சேர்ந்ததும் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போய்விட்டேன். படிப்பில்தான் எட்டாம் வகுப்பு. கவலைப்படுவதில் நான் பட்டதாரி. மழை பெய்தால் கூரை ஒழுகுமே என்று கவலை. பெய்யாவிட்டால் கிணறு வற்றுமே என்று கவலை. அந்த வருடம் எனக்கு வாய்த்த கவலை தம்பியின் எலும்புகள்.

தம்பி கல்லூரியில் கடைசி வகுப்பு. துறைமுகத்தில் கடற்படையின் பட்டறைக்கு அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள் என்று எழுத்துப் பரீட்சைக்குப் போய், தேறியும் விட்டான். மிச்சம் இருந்தது உடம்புச் சோதனையும் கைவேலைச் சோதனையும். இரண்டும் ஒரே நாளில், ரகர் சீசன் முடிந்து இரண்டு கிழமையில், பதினான்காம் நாள். கை கால் பழுதில்லாதவனைத்தான் எடுப்பார்கள். எடுத்தால் அம்மாவும் நானும் நிமிர்ந்து நடக்கலாம். எடுக்காவிட்டால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட இரண்டு பேர். அந்தக் கடைக்கு ஒரு ஆளே அதிகம் என்று முதலாளி ஏற்கெனவே சாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கிற நேரத்தில்தான், வேகமாக ஓடுகிறான் என்பதற்காக மாஸ்டர் தம்பியை ரகர் குழுவில் சேர்த்தார்.

"உனக்கு விசரே?" என்று கேட்டேன். "கையை முறிச்சுக்கொண்டு போய் டொக்டருக்கு என்னத்தைக் காட்டப் போறாய்?"

"விழுந்தாத்தானே அண்ணை முறியும்."

"விழுத்துறதுதானேடா விளையாட்டு!"

"என்னைப் பிடிச்சாத்தானே விழுத்துறது."

இதற்கு மேல் அவனோடு கதைக்க ஏலாது. மாஸ்டரிடம் போனேன். கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐசே, ரகர் விளையாடினா கேரக்டர் வளரும்."

"எலும்பு முறிஞ்சா, சேர்?"

"அதுவும் கேரக்டர்தான்."

கேரக்டரைப் பட்டறையில் சோதிக்கமாட்டார்களே என்று கேட்க வாய் வந்தது. எட்டாம் வகுப்புக்காரன் மாஸ்டரிடம் அப்படியெல்லாம் கேட்கிறதில்லை. வந்துவிட்டேன்.

முதல் ஆட்டம் மாலுமிகளோடு. கோவிலுக்குப் போகிறவன் மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நான் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பந்து முதலில் எங்கள் குழுவின் ஒரு தடித்த பெடியனிடம் வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினான். பின்னால் வந்த மாலுமி எட்டித் தோளைத் தொட்டான். உடனே எங்கள் பெடியன் நின்றான். பந்தைப் பக்குவமாகப் புல்லில் வைத்தான். நடந்து வெளியே வந்துவிட்டான்.

"என்னடா?" என்று மாஸ்டர் கத்தினார்.

"தொட்டிட்டான், சேர்."

தெருப் புழுதியில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கிளித்தட்டில் தொட்டால் ஆள் வெளியே, அவ்வளவுதான். தொட்ட பிறகும் நின்று வழக்காடுகிறவனை அடுத்த நாள் யாரும் சேர்க்கமாட்டார்கள். இவர்கள் சேர்க்கப்பட்டே வளர்ந்தவர்கள். தொடத் தொட, ஒருவர்பின் ஒருவராக வெளியே வந்து வாங்கில் அமர்ந்தார்கள். மாஸ்டருக்கே வாங்கில் இடம் இல்லை. அவருடைய வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கவேண்டும். மாலுமிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள், கடைசியில் ஆளில்லாத மைதானத்தில் பந்தைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கடைசிக் கோட்டுக்கு அப்பால் வைத்து 'ட்ரை' என்ற புள்ளி எடுத்துக் களைத்துப் போனார்கள். அன்றைக்கு மைதானத்தில் சந்தோஷமாக நின்ற ஒரே தமிழன் நான். ஒருவனும் விழவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கிழமைதான் ஆயுள். "கிளித்தட்டை மறவுங்கோடா!" என்று சொல்லிச் சொல்லி, மாஸ்டர் தானே பாய்ந்து அவர்களை விழுத்திப் பழக்கினார். தொட்டாலும் ஓடு, பிடித்தாலும் ஓடு, விழுந்தால் மட்டும் பந்தை விடு. பெடியள் விளங்கிக்கொண்டார்கள். அதாவது, இனி விழப்போகிறார்கள்.

அடுத்த நாளே முதலாளியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பலகாமத்துப் பக்கம் போனேன். அங்கே எலும்பு முறிவு நெரிவுக்கு வைத்தியம் பார்ப்பதில் பேர்போன ஒரு பரியாரியார் இருந்தார். ஒரு கிழவரின் முழங்காலை உருவிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஆருக்கு முறிஞ்சது?"

"தம்பிக்கு ஐயா. ஆனா இன்னும் முறியேல்லை."

"பிறகென்ன?"

"முறியப் போகுது."

"எப்ப?"

"சனிக்கிழமை பின்னேரம்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கிழவரும் பார்த்தார். பரியாரியார் எழும்பி உள்ளே போய், ஒரு போத்தல் முறிவெண்ணெய் கொண்டுவந்து தந்தார்.

"தம்பி, இது முறிஞ்சாப் பிறகு பூசுறது."

"முந்தியே பூசினா?"

"முந்திப் பூசினா வழுக்கும். வேற ஒண்டும் செய்யாது."

இதை வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அவருக்கென்ன, முறிஞ்சு வந்தாத்தானே அவருக்கு வேலை. முந்தியே பூசினா எலும்பு எண்ணெயைக் குடிச்சு இளகி நிக்கும். இளகினது முறியுமே?" என்று கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத் தெரிந்தது. சனிக்கிழமை மத்தியானம் சோறு தின்ற கையோடு தம்பியைப் பாயில் இருத்தி, பிறந்த பிள்ளைக்குப் பூசுகிற மாதிரி உச்சி முதல் உள்ளங்கால் வரை போத்தலில் பாதியை அம்மா தேய்த்துவிட்டாள். உள்ளங்கையை மட்டும், பந்து பிடிக்கவேண்டும் என்று, அவன் சண்டை பிடித்துக் காப்பாற்றிக்கொண்டான். அந்த எண்ணெயின் வாசத்தில் பக்கத்து வீட்டு நாய் எழும்பித் தெருவுக்குப் போய்விட்டது.

அன்றைய ஆட்டம் சீனக்குடாவில் இருந்த விமானப்படைக்காரரோடு. பந்து தம்பியிடம் வந்தது, ஓடினான். சிவந்த முகத்து வெள்ளைக்காரன் ஒருவன் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். கை மூடியது, தம்பி அதற்குள் இல்லை. இன்னொருவன் காலைப் பிடித்தான். விலாங்கு போல உருவிக்கொண்டு வந்துவிட்டான். மூன்றாமவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு நாங்கள் வென்றோம். வென்ற புள்ளியெல்லாம் தம்பி எடுத்தது. மாஸ்டர் அவனைக் கட்டிப் பிடிக்கப் போய், அவரும் வழுக்கிப் போனார்.

பரியாரியார் சொன்னது சரி. அம்மா சொன்னது பிழை. ஆனால் பலன் வந்துவிட்ட பிறகு யார் அதைப் பார்க்கிறார்கள்?

அடுத்த ஆட்டத்துக்குள் முழுக் குழுவுக்கும் எண்ணெய் தேவைப்பட்டது. மாஸ்டர் இதற்கு 'உடற்தகைமைப் பயிற்சி' என்று பெயர் வைத்தார். நான் தம்பலகாமத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் எண்ணெய் காவுகிற பொதிமாடாகிவிட்டேன். கிண்ணியாக்காரரான எங்கள் முதலாளிக்கு இதில் ஒரே பகிடி.

"என்ன தம்பி, இன்னைக்கும் எண்ணெய்க்கா பயணம்? நம்மட கடையில கிரீஸ் இரிக்கி, அதப் பூசினா பத்தாதா? சங்கிலி அறாம ஓடும்."

"முதலாளி, நீங்கள் பகிடி விடுறீங்கள். எனக்கு நெஞ்சு பதறுது."

"ஒனக்கு எப்ப பதறாம இருந்திச்சு?"

மூன்றாம் ஆட்டம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துரைமார் குழுவோடு. எங்கள் ஆட்கள் முழுப்பேரும் எண்ணெய்க்குளத்தில் இருந்து எழும்பி வந்தவர்கள் போல வெயிலில் மினுங்கினார்கள். ஒருவனில் பூசினால் உள்ளங்கையைக் காப்பாற்றலாம். முழுப்பேரிலும் பூசினால் பந்தைக் காப்பாற்ற ஏலாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் பந்து எண்ணெயாகிவிட்டது. அடுத்த ஐந்து நிமிடத்தில் துரைமாரும் எண்ணெயாகிவிட்டார்கள். பிறகு நடந்ததை விளையாட்டு என்று சொல்ல முடியாது. பிடிக்கிறவனின் கையிலிருந்து பந்து பாய, அதைப் பிடிக்கிறவனின் கையிலிருந்து மறுபடி பாய, பந்துதான் விளையாடியது; மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் புள்ளி இல்லை. தோட்டத்துரை ஒருவர் போகும்போது, தன் முதுகுப்பிடிப்பு விட்டுவிட்டது என்று மாஸ்டரிடம் எண்ணெயின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்.

இனிக் கடைசி ஆட்டம். மாஸ்டர் இவ்வளவு கூத்தும் ஆடியது இந்த ஓர் ஆட்டத்துக்காகத்தான். கண்டியில் அவர் படித்த கல்லூரியின் குழு வந்தது. அதைக் கூட்டி வந்தவர் ஒரு காலத்தில் இவருடைய வகுப்புத் தோழர், குழுத் தலைவர். இவர் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தனை ஆட்டத்தையும் ஆடியவர். எங்கள் மாஸ்டர் அன்று மீசையைக்கூட அளவாக வெட்டியிருந்தார்.

கண்டிப் பெடியள் பஸ்ஸால் இறங்கியதுமே மூக்கைப் பொத்தினார்கள். நடுவராக வந்தவர் கடற்படை அதிகாரி, உயரமான வெள்ளைக்காரர். அவர் எங்கள் வரிசைக்கு முன்னால் நடந்து வந்து, தம்பிக்கு முன்னால் நின்று, அவன் தோளில் ஒரு விரலை இழுத்து, மோந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

"மருந்து" என்றார் மாஸ்டர், தனக்குத் தெரிந்த மிக நல்ல இங்கிலீசில்.

"எந்தக் காயத்துக்கு?"

"இனி வரப்போகிற காயத்துக்கு."

அதிகாரி விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு கிணற்றைக் காட்டினார். கண்டிக் குழு புல்லில் காலை நீட்டி இருந்து பார்க்க, எங்கள் பெடியள் கிணற்றடியில் வரிசையில் நின்று சவர்க்காரம் போட்டு முழுகினார்கள். அந்தச் சீசனில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

நான் தம்பியைக் கிணற்றுக்குப் பின்னால் இழுத்தேன்.

"இண்டைக்கு விளையாடாதை. வயித்துக்குத்து எண்டு சொல்லு. சோதனைக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்கு. பட்டறை கேற்றுக்குள்ள போனாப் பிறகு நீ என்னத்தையும் விளையாடு."

"ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது?"

தலையில் நுரையோடு நின்றவன் கண்ணில் இறங்கியதை வழித்து எறிந்தான். "அண்டைக்கு வெண்டது நானோ எண்ணெயோ எண்டு பெடியள் கேக்கிறாங்கள். எனக்கும் தெரியேல்லை. இண்டைக்கு ஒருக்கா ஓடிப் பாக்கிறன்."

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எலும்புக்கு நியாயம் தெரியுமா? நான் கோட்டடியில் போய்க் குந்தினேன்.

கண்டிக் குழு எங்களைத் துவைத்து எடுத்தது. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்றே தெரியவில்லை. புள்ளி மட்டும் ஏறியது. எங்கள் மாஸ்டரின் மீசை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது எப்படியோ பந்து தம்பியிடம் வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் கேட்கும் சத்தம் இன்னும் மோசமாக இருந்ததால் திறந்தேன். ஓடிக்கொண்டிருந்தான். ஒருவன் கை நீட்டினான், வளைந்து போனான். இன்னொருவன் பாய்ந்தான், அவன் விழுந்த இடத்தில் புல் மட்டும் இருந்தது. எண்ணெய் இல்லை, தந்திரம் இல்லை, வெறும் கால். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அமுக்கினான். கண்டிக்காரன் ஒருவனின் நகம்கூட அவனில் படவில்லை.

முருகா, முழு ஆளாகத் தப்பிவிட்டான் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கவில்லை, எங்கள் குழு முழுவதும் கத்திக்கொண்டு ஓடிப்போய் அவன்மேல் விழுந்தது. முதலில் தடித்த பெடியன். அவனுக்கு மேல் மற்றவர்கள். எல்லோருக்கும் மேல், விசிலோடும் மீசையோடும், மாஸ்டர்.

கும்பலைக் கிளறி எடுத்தபோது தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். வலது மணிக்கட்டு மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டத்தில் தோற்றோம் என்பதை மாஸ்டருக்குச் சொன்னால் கோபிப்பார். "ட்ரை அடிச்சிட்டமே ஐசே!" என்று தன் பழைய தலைவரின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் தம்பியைச் சைக்கிளில் முன்னால் இருத்திப் பரியாரியாரிடம் உழக்கினேன். அவர் கையைத் தடவிப் பார்த்தார்.

"இப்பதான் ஒழுங்கான நேரத்துக்கு வந்திருக்கிறாய்" என்றார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பில் வெடிப்பு; ஒரு மாதத்துக்கு அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது.

சோதனைக்கு இருந்தது இரண்டு கிழமை. அம்மா மூன்று கோவிலுக்கு நேர்த்தி வைத்தாள். நான் கடையில் டியூப்பில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"இதுக்கா இந்தக் கூத்து? அல்லா ரெண்டு கை தந்திரிக்கான். மத்தக் கைய காட்டச் சொல்லு."

"அவனுக்கு மற்றக் கை வராதே முதலாளி."

"வர வைக்கிறது. கூட்டிட்டு வா இஞ்ச."

அன்றிலிருந்து தம்பி எங்கள் கடையில் இருந்து இடது கையால் சுத்தியல் பிடித்தான், அரம் தேய்த்தான், நட்டுப் பூட்டினான். முதல் நாள் ஒரு மட்கார்ட்டைத் தட்டி நேராக்கக் கொடுத்தோம்; சப்பட்டையாக்கித் தந்தான். சுத்தியல் உயரும்போதெல்லாம், மிச்சம் இருக்கிற மற்ற உறுப்புகளில் எது போகும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். "இவர வெளிய கொண்டுபோய் இருத்துங்க, பாத்துப் பாத்தே இவர் பெடியன்ட மத்தக் கையையும் முறிச்சிப் போடுவார்" என்று முதலாளி என்னைத் தெருவில் இருத்தினார்.

சோதனை நாள் காலையில் கட்டை அவிழ்த்தோம். வீக்கம் வற்றியிருந்தது. நான் பட்டறை வாசல் கேற்றுக்கு வெளியே நின்றேன். கேற்றுக்காரன் இரண்டு தடவை வந்து, ஆரும் செத்துப்போனதோ என்று கேட்டுவிட்டுப் போனான். மத்தியானம் தம்பி வெளியே வந்து, கேற்றுக்காரனின் காதுக்கு எட்டாத ஒழுங்கைச் சந்துக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"டொக்டர் பல்லுப் பாத்தான், நெஞ்சு பாத்தான். ரெண்டு கையையும் நீட்டு எண்டான். நீட்டினன்."

"ஐயோ."

"நகம் துப்பரவு எண்டு சொன்னான். பிறகு போர்மன்துரை வந்து உளியும் சுத்தியலும் தந்து இரும்பில கோடு வெட்டச் சொன்னான். நான் இடக்கையில சுத்தியலை எடுத்தன். வலக்கை உளியைச் சும்மா பிடிச்சுக்கொண்டு நிண்டுது. 'நீ இடதுகைக்காரனோ' எண்டான். ஓம் எண்டன். 'பிறவியிலேயோ' எண்டான். ஓம் எண்டன்."

"பிறகு?"

"தானும் இடதுகைக்காரனாம் அண்ணை. இந்த ஊருக்கு வந்தாப் பிறகு முதல்முதல் இண்டைக்குத்தான் ஒருத்தனைக் காணுறானாம். என்னைத் தன்ர மேசைக்குப் பக்கத்திலயே போடச் சொல்லிப்போட்டான்."

வேலை கிடைத்தது. அம்மா அழுதாள், முதலாளி எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ எடுப்பித்தார். மாஸ்டர் அதைக் கேள்விப்பட்டு, ரகர் வளர்த்த கேரக்டர் என்று காலைக்கூட்டத்தில் பேசியதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. ரகரும் அவரோடு போய்விட்டது.

ஒரு மாதத்தில் தம்பியின் வலது கை முற்றாகச் சுகமாகிவிட்டது. என்ன பிரயோசனம்? பட்டறையில் அதை எடுக்க ஏலாது. துரை சீமையிலிருந்து தனக்கு வந்த, தகரம் வெட்டுகிற பெரிய இடதுகைக் கத்தரியை இவனோடு பங்குபோட்டுக்கொண்டார். மத்தியானம் சோற்றை எந்தக் கையால் சாப்பிடுகிறாய் என்று நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன். சாப்பாட்டுக்கு வலது கைதான் எங்கள் சமய வழக்கம் என்று அவன் துரைக்குச் சொல்லிவைத்திருந்தான். துரை அவன் முதுகைத் தட்டி, உங்கள் ஆட்களுக்குள் இடதுகைக்காரன் படுகிற கஷ்டம் தனக்கு விளங்குகிறது என்று மிகவும் துக்கப்பட்டாராம்.

சில வருடத்தில் வெள்ளைக்காரர் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். துரையும் போனார். கத்தரியைத் தம்பிக்கு விட்டுவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை வேலையால் வந்தவனிடம், இனிமேல் நடிக்கத் தேவையில்லையே, வலது கையால் வேலை செய்தாயா என்று ஆவலோடு கேட்டேன்.

"செய்து பாத்தன் அண்ணை. வலக்கையால அடிச்சா ஒண்டும் நேராப் போகுதில்லை. பக்கத்தில நிண்டவன், உனக்கென்ன, புதுசா வேலை பழகுறியோ எண்டான்." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

எனக்கு அடுத்த கவலை வாய்த்தது. அப்போது அவனுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குசினிக்குள் போய் அம்மாவிடம் மெல்லக் கேட்டேன்.

"அம்மா, இவன் மணவறையில இடக்கையை நீட்டினா பொம்பிளை வீட்டார் என்ன சொல்லுவினம்?"

அம்மா அகப்பையை வைக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"தாலி கட்ட ரெண்டு கையும் வேணுமடா. போய் உன்ர வேலையைப் பார்."